குதிரைக்கு லாயம் மாற்றலாமா?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் குதிரை என்றவுடன் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது அய்யனார் கோவில் மண்குதிரைதான். அதற்குக் கொள்ளு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், லாடம் வேண்டாம். வெயிலோ மழையோ, வைத்த இடத்தில் கம்பீரமாக நிற்கும். உயிருள்ள குதிரையையும் சிலர் அப்படித்தான் நினைத்துக் கொள்கிறார்கள். வாங்கினோம், கட்டினோம், ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், முடிந்தது வேலை!

அது முடிகிற வேலை இல்லை என்பது, குதிரையை எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும்போதுதான் புரிகிறது.

ஓர் உதாரணம். எழுமலையைச் சேர்ந்த ஒரு இளைஞர் ஆசைப்பட்டு ஒரு குதிரை வாங்குகிறார். மாமாவின் தோப்பில் ஒரு கொட்டகை போட்டுக் கட்டுகிறார். காலையிலும் மாலையிலும் மாமாவே தீனி வைக்கிறார். இரண்டு வருடம் போகிறது. இளைஞருக்கு மதுரையில் வேலை கிடைக்கிறது. மாதம் ஒருமுறைதான் ஊருக்கு வர முடிகிறது. மதுரைக்கு வெளியே, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லாயம் ஒன்று இருக்கிறது. சிமெண்ட் தரை, தகரக் கூரை, சவாரி மைதானம், வேலையாட்கள். அங்கே மாற்றினால் தினமும் போய்ப் பார்க்கலாம். மாற்றலாமா, வேண்டாமா?

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் குதிரை வைத்திருக்கும் எவருக்கும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். "பழகின இடத்தை மாத்தாதப்பா" என்பார் ஒருவர். "டவுன்லதான் டாக்டர் வசதி, யோசிக்காம மாத்து" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மைதான்.

சரி, கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். ஏனென்றால் குதிரையை இடம் மாற்றி மோசம் போனதில் மதுரைக்கு எழுநூறு வருட அனுபவம் உண்டு!

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீக நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளை இறக்குமதி செய்தார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாம். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கஜானாவில் இருந்தே பணம் கொடுக்க வேண்டுமாம். அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் குதிரைகளைப் பற்றி ஒரு சோகமான செய்தியைச் சொல்கிறார். ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் மிஞ்சுவது மிகக் குறைவு, காரணம் குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இல்லை என்கிறார்.

வஸ்ஸாஃப் சொல்லும் விவரம் இன்னும் சுவாரசியமானது. வந்து இறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்ததைக் கொடுத்தார்களாம். வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் எல்லாம் கொடுத்தார்களாம். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்துவிட்டு, பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டினார்களாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாண்டியர்கள் குதிரைக்குச் செலவு செய்யத் தயங்கவில்லை. அன்பும் குறையவில்லை. வெண்ணெயும் பாலும் கொடுத்தவர்களைக் கஞ்சர்கள் என்று யார் சொல்வது? குதிரைக்கு என்ன தேவை என்பதைக் கேட்காமல், தங்களுக்கு எது உயர்ந்ததோ அதைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் தவறு. இன்றைக்கு டைல்ஸ் ஒட்டிய லாயத்தைப் பார்த்து மயங்கிக் குதிரையை ஏற்றிக்கொண்டு போகிறவரும் அதே தவறைத்தான் செய்கிறார்.

மாணிக்கவாசகர் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோவிலுக்குச் செலவழித்தார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு வந்தார். ராத்திரி அவை மறுபடி நரிகளாகி லாயத்தில் இருந்த மற்ற குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை ஆண்டுதோறும் நடக்கிறது. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு லாயக்காரன் கண்ணோடு பார்த்தால், அதில் ஒரு பாடம் இருக்கிறது. புதிதாக வந்த குதிரையை முதல் ராத்திரியே பழைய குதிரைகளோடு கட்டக்கூடாது!

இது வெறும் வேடிக்கைக்குச் சொல்வது இல்லை. 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் இதுதான் நடந்தது. அதுவரை குதிரை இன்ஃப்ளூயன்சா அந்த நாட்டில் இருந்ததே இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்த குதிரைகளோடு வந்த கிருமி, தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. குதிரைகள் போட்டிக்கும் சவாரிக்கும் ஊர் ஊராகப் போகப் போக, நோயும் கூடவே போனது. கடைசியில் குதிரைகளை எங்கேயும் நகர்த்தக்கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. அடுத்த ஆண்டே, 2008 ஜூனில், இந்தியாவில் ஜம்முவின் கட்ரா பகுதியில் அதே நோய் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. அது குதிரையில் இருந்து மனிதனுக்கும் வரும். கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஆக, இடமாற்றம் என்பது கயிற்றை அவிழ்த்து வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை மட்டும் இல்லை. புதிய தண்ணீர், புதிய தீனி, புதிய கிருமிகள், புதிய மனிதர்கள் எல்லாம் ஒரே நாளில் வருகின்றன.

குதிரையின் வயிற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டைப் போல அது அசைபோடாது. இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்காகவே அமைந்த உடம்பு. நார்த்தீனியைச் செரிக்க வைப்பது பின்குடலில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். தீனி மாறினால் அந்த நுண்ணுயிர்கள் பழகுவதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். நேற்றுவரை சோளத்தட்டையும் அருகம்புல்லும் தின்ற குதிரைக்கு இன்று திடீரென்று வயிறு நிறையத் தானியம் கொடுத்தால், கோலிக் என்று டாக்டர்கள் சொல்லும் வயிற்று வலி வரலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வெளியே வர ஒரே வழிதான். புரண்டு புரண்டு துடித்து ஒரே ராத்திரியில் செத்துப்போன குதிரைகள் உண்டு. சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து, காலம் முழுக்க நொண்ட வேண்டியதுதான்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அதுவும் சரியில்லை. மாற்றியே ஆக வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. அதற்கு எதைப் பார்ப்பது?

முதலில் தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயில் காலத்தில், வேலை வாங்கினால், இன்னும் கூடும். எழுமலை மலையடிவார ஊர்தான். ஆனால் மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தொட்டி நிறைந்துவிடாது. சித்திரை வைகாசியில் தோப்புக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா? அந்த மதுரை லாயத்தில் லாரித் தண்ணீரா, போரா? இதைக் கேட்காமல் சவாரி மைதானத்தின் அளவைக் கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது நார்த்தீனி. உடல் எடையில் நூற்றில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு தினமும் வேண்டும். 350 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்குக் காய்ந்த தீனியாகக் கணக்குப் போட்டால் ஐந்து முதல் ஏழு கிலோ. கொள்ளு நல்லதுதான். ஆனால் தட்டைக்கும் புல்லுக்கும் பதிலாகக் கொள்ளையே போட்டு நிரப்ப முடியாது.

மூன்றாவது துணை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆழ்ந்த தூக்கத்துக்கு அதுவும் படுத்துத்தான் ஆக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பயம் இல்லாத இடத்தில்தான் அது படுக்கும். தனியாக, நாள் முழுக்க நாலு சுவருக்குள் அடைபட்ட குதிரை மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், நின்ற இடத்தில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து "குதிரை டான்ஸ் ஆடுது" என்று சிரிப்பவர்களும் உண்டு. அது ஆட்டம் இல்லை, அவஸ்தை.

நான்காவது, ஆள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மாமா படித்த வைத்தியர் இல்லை. ஆனால் காலையில் சாணம் குறைவாக இருந்தால் அவருக்குத் தெரியும். தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் தெரியும். முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் தெரியும். கட்டண லாயத்தில் இருபது குதிரைக்கு இரண்டு பையன்கள் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பையன்களும் மாறினால், இதையெல்லாம் யார் கவனிப்பது? லாயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தீனி வைக்கும் பையனிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஐந்தாவது, டாக்டரும் லாடக்காரரும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லோருக்கும் குதிரைக் குளம்பு தெரியும் என்று சொல்ல முடியாது. தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வயிற்று வலி வந்தால் எத்தனை நிமிடத்தில் யார் வருவார் என்பதுதான் கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் டவுன் பக்கம் உள்ள லாயத்துக்கு மதிப்பெண் கூடுதல். அதை மறுக்க முடியாது.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால், அந்த இளைஞர் சொன்ன காரணம் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பது தெரியும். "தினமும் போய்ப் பார்க்கலாம்" என்பது அவருடைய வசதி. தினமும் போய்ப் பார்ப்பதாகச் சொல்லும் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் போகிறார்கள்? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிப் பழமொழி சொல்வார்கள். குதிரைக்காரர்களுக்கும் அது பொருந்தும். சவாரிக்கு முதல் ஆள், சாணம் அள்ளக் கடைசி ஆள்!

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. தோப்பில் நிலைமை சரியில்லை என்று நன்றாகத் தெரிந்தும், "மாமா மனசு கஷ்டப்படும்" என்று பேசாமல் இருப்பவர்களும் உண்டு. நம் ஊர்களில் இதுதான் பெரிய தடை. பணம் வாங்காமல் இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட மனிதரிடம் "குதிரையைக் கொண்டு போறேன்" என்று சொல்ல நாக்கு வராது. சொன்னால் "நான் என்ன குறை வச்சேன் மாப்ள?" என்று கேட்பார். பதில் இருக்காது. ஆனால் முகதாட்சண்யத்துக்காகக் குதிரை மெலிய முடியாது. குறையை முதலில் மாமாவிடமே சொல்லலாம். தண்ணீர்த் தொட்டி கட்டித் தரலாம், தீனிச் செலவைக் கையில் கொடுக்கலாம், இன்னொரு மட்டக்குதிரையோ துணைக்கு ஒரு ஆடோ வாங்கிக் கட்டலாம். பல நேரம் லாயம் மாற்ற வேண்டிய அவசியமே அதோடு போய்விடும். ஒரு மாதம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். அப்போது மாமாவும் புரிந்துகொள்வார்.

மாற்றுவது என்று முடிவானால் முறையாக மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில் வேண்டாம், அதிகாலைப் பயணம் நல்லது. டாக்டர் சான்றிதழும் டெட்டனஸ் ஊசியும் முன்பே தயாராக இருக்கட்டும். பழைய தீனியை இரண்டு வாரத்துக்குக் கூடவே எடுத்துப்போய், புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் மற்ற குதிரைகளிடம் இருந்து தள்ளிக் கட்ட வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை சார், எல்லாத்தையும் ஒண்ணாவே கட்டிடலாம்" என்று சொல்லும் லாயம் என்றால், அங்கிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுவது நல்லது.

தோப்பும் சரிப்படவில்லை, லாயமும் சரிப்படவில்லை, நேரமும் இல்லை என்றால்? ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. குதிரையை அறிந்தவர்கள் வரும் இடம். நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துவிடுவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கினோம் என்பதற்காக அது கடைசிவரை கஷ்டப்பட வேண்டும் என்று சட்டமா?

எழுமலை இளைஞருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தோப்பில் கோடையிலும் தண்ணீர் இருந்து, மாமாவுக்கும் உடம்பில் தெம்பு இருக்கும்வரை, குதிரை அங்கேயே இருக்கட்டும். மாற்ற வேண்டியது அவருடைய பஸ் பாஸைத்தான். மாதம் ஒருமுறை என்பதை வாரம் ஒருமுறை ஆக்கலாம். மதுரையில் இருந்து எழுமலை அப்படி ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.