திருக்கடையூரோடு திரும்பிவிடாதீர்கள்



மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டால், அடுத்த பேச்சே திருக்கடையூருக்கு வேன் பிடிப்பதுதான். அபிராமியைத் தரிசித்து, பந்தி முடிந்ததும் சென்னைக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. அடுத்த முறை அரை நாளாவது அந்த ஊருக்கு ஒதுக்குங்கள்.

பால்டிக் கடலின் வாயிலில் இருக்கும் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி வந்த டேனிஷ்காரர்கள், 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கட்டிய கோட்டை டான்ஸ்போர்க். பலரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஊரின் அழகு கோட்டைக்கு வெளியேதான். 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயிலருகே வண்டியை விட்டுவிட்டு கிங் ஸ்ட்ரீட்டில் நடந்து பாருங்கள்.

அந்தத் தெருவில்தான் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரை. உள்ளே பீடத்தின் முன் சீகன்பால்குவின் கல்லறை. 1706-ல் வந்திறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்த ஜெர்மானியர் அவர். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன; தாள் போதவில்லை. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். தாள் செய்யப் பக்கத்துப் பொறையாரில் பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்றே பெயர். மாதம் தவறாமல் தாள் விலையோடும் அச்சகத்தோடும் போராடும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கும்பிட்டுவிட்டு வரவேண்டிய இடம்.

1845-ல் டேனிஷ்காரர்கள் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. துறைமுக வியாபாரம் அங்கே போயிற்று. வியாபாரம் போனதால்தான் வீடுகள் தப்பின என்று நினைக்கிறேன். நம் மாட வீதிகளில் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாவதைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். 2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு தரங்கம்பாடியில் பழைய வீடுகள் சிலவற்றை அக்கறையோடு சீர்செய்திருக்கிறது.

கடைசியாக மாசிலாமணி நாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை இன்னும் நெருங்காமலிருக்கக் கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த முன்பகுதி தெரியும் பழைய குடும்பப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், எடுத்த வருஷத்தைக் குறித்து ஒரு பிரதி அனுப்புங்கள். வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்