வெள்ளைப் புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் என்றாவது ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிடுகிறார்கள். மீனின் துடுப்பில் உப்புத் தூள் தூவியதுபோல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். கடைக்கு ஓடினால் ஒரு பாட்டில் மருந்து கிடைக்கும். ஊற்றி மூன்று நாளில் புள்ளிகள் காணாமல் போகும். வீட்டில் சந்தோஷம், கடைக்காரருக்கு நல்ல பெயர். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ தொட்டி முழுக்கப் புள்ளி. அப்புறம் ஒவ்வொன்றாக மீன்கள் மிதக்க ஆரம்பிக்கும்.

கடலூராக இருந்தாலும் சரி, சிதம்பரமாக இருந்தாலும் சரி, கதை இதேதான். "கடல் மீனுக்கு ராசியில்லை" என்று தொட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது ஒரு ஒட்டுண்ணியின் கால அட்டவணை. அந்த அட்டவணை தெரியாமல் மருந்து வாங்குவது, பஸ் போன பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி.

ஆசாமியின் பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். ஒரே ஒரு செல் உள்ள உயிரி. ஜப்பானில் சிகாமா என்பவர் 1937-இல் கடல் மீன்களில் இந்த நோயை விவரித்தார். இன்றைய பெயரை 1951-இல் பிரவுன் சூட்டினார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயைப் பார்த்தவர்கள் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உயிரிகள். நன்னீர்த் தொட்டியில் கல் உப்பு போட்டுக் குணப்படுத்தியவர், ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் இருக்கும் மீனுக்கும் அதே வைத்தியத்தைச் சொன்னால் என்ன செய்வது? :-)

இனி அட்டவணைக்கு வருவோம். இதன் வாழ்க்கையில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து திசுக்களைத் தின்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி இதுதான். 3 முதல் 7 நாள் வரை இந்தச் சாப்பாடு நடக்கும். வயிறு நிரம்பியதும் இரண்டாம் கட்டமாக மீனை விட்டு விலகித் தண்ணீரில் விழுந்து ஒட்டிக்கொள்ள இடம் தேடும். மூன்றாவதாக மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்கில் பெருகும். கடைசியில் கூடு உடைந்து குட்டி ஒட்டுண்ணிகள் நீந்தி வெளியே வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்றால், மீனை விட்டு இறங்குவதும் கூட்டிலிருந்து கிளம்புவதும் பெரும்பாலும் இருட்டு நேரத்தில்தான். மீன்கள் தொட்டியின் அடியில் அசையாமல் கிடக்கும் நேரம் அது. பெரிய கடலில் நூற்றில் ஒன்றுக்கு மீன் கிடைத்தாலே அதிசயம். நாலடித் தொட்டியில் அத்தனைக்கும் வீட்டு வாசலிலேயே சாப்பாடு. பவளப்பாறையில் சாதாரணத் தொல்லையாக இருப்பது தொட்டியில் கொள்ளைநோயாக மாறுவது இதனால்தான்.

மூன்றாம் நாள் புள்ளி மறைந்த மர்மம் இப்போது புரிந்திருக்கும். மருந்து ஊற்றாமல் சும்மா இருந்திருந்தாலும் அது மறைந்திருக்கும். ஒட்டுண்ணி சாப்பிட்டு முடித்து இறங்கிப்போய்க் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டில் மருந்துக்குக் கிடைத்த நல்ல பெயர் அந்த இடைவேளைக்குக் கிடைத்த பெயர்.

உண்மையில் வேலை செய்யும் வழிகள் இல்லாமல் இல்லை. தாமிரம் அதில் ஒன்று. லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் அளவில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிக்கும், கூடினால் மீன் சாகும். தாமிரம் கொல்வது நீந்தி வரும் குட்டிகளை மட்டுமே. தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. இறால், நத்தை, பவளம் போன்றவற்றுக்கோ அது நேரடி விஷம். பவளக்கல்லும் சிப்பி மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அலங்காரத் தொட்டியில் அளவை நிலையாக வைத்திருக்கவே முடியாது. தனித் தொட்டியில், அளவு பார்க்கும் டெஸ்ட் கிட்டோடு செய்ய வேண்டிய வேலை இது. மூடியால் அளந்து ஊற்றுகிற வேலை இல்லை.

இரண்டாவது வழி உப்பைக் குறைப்பது. கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கிறது. அதைப் படிப்படியாக 15, 16-க்குக் கொண்டுவந்து மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் பெரும்பாலான எலும்பு மீன்கள் தாங்கும், ஒட்டுண்ணி தாங்காது. இதற்கும் சரியான அளவுகருவி வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம் ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. இஸ்ரேலில் கொலோர்னி என்ற ஆய்வாளர் 1987-இல் எழுதியது இதற்கு அடிப்படை. மீனை மூன்று நாளைக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் உள்ள வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி நாலு முறை. இறங்கிய ஒட்டுண்ணிகள் பெருகி வெளியே வருவதற்குள் மீன் அங்கிருந்து கிளம்பியிருக்கும். பழைய தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் ஒட்டியிருந்த கூடுகள் செத்துவிடும். தேவை இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு காற்று மோட்டார், கடல் தண்ணீர், வெயில். கடலூர்க்காரருக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை, சிதம்பரத்துக்காரருக்குப் பரங்கிப்பேட்டை. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் எடுக்காமல் இருந்தால் போதும். மழைத் தண்ணீர் கலந்து உப்பு தாறுமாறாக இருக்கும்.

மீனைக் காப்பாற்றினால் மட்டும் ஆயிற்றா? பழைய பெரிய தொட்டியில் கூடுகள் காத்துக்கொண்டிருக்கும். அதை மீன் இல்லாமல் குறைந்தது ஆறு வாரம் சும்மா விட வேண்டும். ஆய்வகத்தில் சில கூடுகள் திறக்க 72 நாள் வரை எடுத்துக்கொண்டிருக்கின்றன. எனவே பதினொரு வாரம் விடுபவர் கோழையல்ல, கணக்குத் தெரிந்தவர். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். அவற்றை இந்த ஒட்டுண்ணி ஒன்றும் செய்யாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு எழும் கேள்வி ஒன்று. புது மீனை விற்பதற்கு முன்பே இந்தப் பன்னிரண்டு நாள் வேலையைக் கடையிலேயே முடித்துவிட்டால் என்ன?

பதில் உயிரியலில் இல்லை, வணிகவியலில் இருக்கிறது. ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடித்தளமே அந்தக் கட்டுரைதான். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரும் தயாராக இருப்பதில்லை. நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். மீன் கடையிலும் இதே கதை. பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்ட மீனும் நேற்று ராத்திரி பாலிதீன் பையில் பஸ் ஏறி வந்த மீனும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே மாதிரிதான் தெரியும். கவனித்து வளர்த்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அப்புறம் யார் கவனிப்பார்கள்?

ஆனால் வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை மாறும். ஒரு மீன் 500 ரூபாய், தொட்டியில் ஏற்கெனவே ஐந்து மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறாவதாக நோயோடு ஒன்று வந்தால் ஆபத்தில் இருப்பது 3,000 ரூபாய். தனிமைப்படுத்திய மீனை 700 ரூபாய்க்கு விற்றால் கூடுதல் செலவு 200. பதினைந்து முறை வாங்கும்போது ஒரே ஒரு முறை நோய் வந்தாலும் இந்த 200 சரிக்குச் சரி. அதற்கு மேல் வந்தால் லாபம். அந்த 200 ரூபாய்க்குப் பெயர் பிரீமியம். இன்ஷூரன்ஸ் கட்டுகிற நாட்டில் இது புரியாத விஷயமா?

"சின்னக் கடையில் இடம் ஏது? மீன் எங்கள் கையிலேயே செத்தால் நஷ்டம் யாருக்கு?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நஷ்டம் இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. வாடிக்கையாளர் வீட்டில், பில் கொடுத்த பிறகு நடப்பதால் கடைக் கணக்கில் வருவதில்லை. தொட்டியைத் தூக்கிப் போட்டவர் மறுபடி வந்து மீன் வாங்கப் போவதில்லை என்ற நஷ்டமும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. எத்தனை நாள், எந்த முறையில் தனிமைப்படுத்தினோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு வார உத்தரவாதம் கொடுக்கும் முதல் கடை ஜெயிக்கும். ஆக்கர்லாஃபும் உத்தரவாதத்தை ஒரு தீர்வாகச் சொன்னவர்தான்.

"பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், விட்டுப் பிடிக்கலாம்" என்பவர்களும் உண்டு. பாதி உண்மை. தப்பிய மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு பாதுகாப்பு இருக்கும். ஆனால் அதன் உடம்பில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி கண்ணில் படாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். அடுத்து வாங்கும் புது மீன்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இந்த விஷயத்தில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கோமாளி மீன்களை அடைத்து வளர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். முகத்துவாரத் தண்ணீரிலேயே அதைச் செய்தார்கள் என்பது கூடுதல் பெருமை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அலங்கார மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கிறது. சுத்தமான பொரிப்பகத்தில் பிறந்து வளர்ந்த மீன் பாறையிலிருந்து ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு வருவதில்லை. தொட்டி வாழ்க்கைக்கும் பழகியிருக்கும். கடைத் தொட்டியில் மற்ற மீன்களோடு கலந்தால் அதற்கும் நோய் தொற்றும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டுமல்ல. கொடுவாவும் இதே ஒட்டுண்ணிக்கு இரையாகும் மீன். சென்னையின் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்த பிறகு, கூண்டிலும் குளத்திலும் அதை வளர்ப்பது பலருக்குப் பிழைப்பாகியிருக்கிறது. தொட்டியில் கற்கும் ஒழுங்கு அங்கே காசாகும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மன்னார் வளைகுடாப் பவளத்தைத் தொட்டியில் வைக்க ஆசைப்படுவது குற்றம். நம்மூரில் பவளத் தொட்டி என்றால் செயற்கைப் பாறையும் மீனும்தான். அந்த மீனையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா?

பரங்கிப்பேட்டையில் இருக்கும் அறிவு சிதம்பரம் கடைத்தெருவுக்கு வர ஒரு நாள் பயிற்சி வகுப்பு போதும். கடைக்காரர்களைக் கூப்பிட்டு, இரண்டு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துச் செய்து காட்டினால் போதும். பல்கலைக்கழகம் கூப்பிடட்டும், கடைகள் போகட்டும். அதுவரை வாங்குபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த மீனை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனை நாள் தனியா வச்சிருந்தீங்க, அண்ணே?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.