கைக்கும் பிளேடுக்கும் நடுவே

1992 ஆகஸ்ட் 20. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (ஹெச்.ஏ.எல்.) உருவாக்கிய த்ருவ் ஹெலிகாப்டர் முதன்முதலாக வானில் எழும்பியது. 32 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், நாடெங்கும் இருந்த சுமார் 330 த்ருவ்களும் பறக்கத் தடை. காரணம், ஜனவரி 5 அன்று போர்பந்தரில் நடந்த விபத்து. கடலோரக் காவல்படையின் 3 பேர் பலியானார்கள். விசாரணையில் முறிந்திருந்ததாகத் தெரியவந்த பாகம் ஸ்வாஷ் பிளேட்.

பயணிகளுக்குப் பெயர்கூடத் தெரியாத பாகம் இது. ஆனால் பைலட்டின் கை சொல்வதைத் தலைக்கு மேல் சுழலும் பிளேடுகளுக்குக் கொண்டுபோவது இதுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டு சுழலாது, பைலட்டின் கட்டுப்பாட்டு ராடுகள் அதில் வந்து சேர்கின்றன. மேல்தட்டு ரோட்டருடன் சேர்ந்து சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு ராடு போகிறது. நடுவே பேரிங்.

பைலட் இடது கையில் உள்ள கலெக்டிவை உயர்த்தினால் இரண்டு தட்டும் ஒன்றாக மேலேறும். எல்லா பிளேடுகளின் கோணமும் ஒரே அளவு கூடும், ஹெலிகாப்டர் எழும்பும். வலது கையில் உள்ள சைக்ளிக்கை முன்னால் தள்ளினால் தட்டு சாயும். அப்போது ஒவ்வொரு பிளேடும் சுற்றின் ஒரு பக்கம் அதிகக் கோணத்திலும், எதிர்ப்பக்கம் குறைந்த கோணத்திலும் காற்றை வெட்டும்.

வேடிக்கை இங்கேதான். முன்னால் சாய வேண்டுமென்றால் பின்பக்கம் பிளேடு உயர வேண்டும். ஆனால் பின்பக்கம் வந்த பிறகு கோணத்தைக் கூட்டினால் காரியம் கெட்டது. ஊஞ்சல் அடியில் இருக்கும்போது கொடுக்கும் தள்ளு, அது உச்சியைத் தொடும்போதுதான் முழுதாகத் தெரிகிறதல்லவா? பிளேடும் அப்படியே. பக்கவாட்டில் கோணத்தைக் கூட்டினால், ஏறக்குறைய கால் சுற்று தள்ளித்தான் அது அதிகபட்ச உயரத்துக்குப் போகும். இந்தக் கணக்கைப் பைலட் போட வேண்டியதில்லை. ராடுகளைப் பொருத்தும் விதத்திலேயே வடிவமைப்பாளர் போட்டு வைத்திருப்பார்.

த்ருவ் இதில் இன்னும் துடியானது. பழைய ரகங்களில் பிளேடு கீல் வைத்துத் தொங்கும். ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையோடு உருவான த்ருவின் 4 பிளேடுகளுக்குக் கீல் கிடையாது. நாரிழைக் கலவையால் ஆன அவை அடிப்பகுதியில் வளைந்து கொடுக்கின்றன. பிளேடின் விசை நேராக உடலுக்கு வருவதால் கை அசைந்த உடனே ஹெலிகாப்டர் திரும்புகிறது. கோவை சூலூரைச் சேர்ந்த விமானப்படையின் சாரங் அணி வானில் காட்டும் சாகசங்களுக்கு இந்தத் துடிப்பு பெரிய பலம்.

பொதுவாக ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால்கூடப் பைலட்டுக்கு வழியுண்டு. கலெக்டிவை இறக்கினால் கீழிருந்து வரும் காற்றே பிளேடுகளைச் சுழற்றும், பத்திரமாக இறங்கலாம். ஸ்வாஷ் பிளேட் முறிந்தால் அந்த வழியும் இல்லை. கை சொல்லும்; பிளேடு கேட்காது.

எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. 2023 மார்ச்சில் மும்பை கடலிலும் கொச்சியிலும் த்ருவ்கள் விபத்துக்குள்ளான பிறகு, அலுமினியக் கட்டுப்பாட்டு ராடுகளுக்குப் பதில் எஃகு ராடுகள் பொருத்தப்பட்டன. போர்பந்தருக்குப் பிறகு, ரோட்டர் பாகங்களின் களைப்புச் சோதனைக்கு ஹெச்.ஏ.எல். நாடியது அதே ஊரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தை. ராணுவ, விமானப்படை த்ருவ்கள் மீண்டும் பறக்க அனுமதி கிடைக்கவே நான்கு மாதம் போல ஆனது.

ரோட்டர் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இந்தப் பாகங்கள் ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை தளர்கின்றன. ஒரு மணி நேரப் பறத்தலில் இது பல ஆயிரம் தடவை. எத்தனையாவது தடவையில் உலோகம் களைத்துப்போகும் என்பதை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வானத்தில் பைலட் கண்டுபிடிக்கக் கூடாது.