நல்லவர்கள் செய்த கொடுமை

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியைத் தாங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தங்களைக் கொடியவர்களாக எண்ணவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனார்கள். பொய் சொல்லாதே, திருடாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கறுப்பின மக்களின் நிலமும் வீடும் பறிபோனது மட்டும் அவர்களுக்குத் திருட்டாகத் தெரியவில்லை.

1949-இல் வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைச் சட்டம் தடை செய்தது. அடுத்த ஆண்டு, பிற இனத்தவர் எவரோடும் அவர்கள் மணமில்லாமல் உறவு கொள்வதும் குற்றமானது. காதல் பாவம், பிரித்து வைப்பது கடமை என்று நம்பியே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்தது டச்சு சீர்திருத்தத் திருச்சபை.

அந்தச் சபையின் போதகர் பேயர்ஸ் நாடே. டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களின் ரகசிய அமைப்பான புரூடர்பாண்டின் உறுப்பினர். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போராடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் மாண்டது அவரை உலுக்கியது. அப்போது அவருக்கு வயது 44. வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதருக்கே கண் திறக்க அத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் நம்மை நடுங்க வைக்கிறது. வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1963-இல் போதகர் பொறுப்பை இழந்தார். சொந்த இனமே துரோகி என்றது. 1977 முதல் ஏழாண்டுகள் அரசு அவரை முடக்கி வைத்தது.

கலப்பு மணத்துக்கும் உறவுக்கும் இருந்த இரு தடைகளும் 1985-இல் நீங்கின. ஆனால் 1996-இல், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் தாய்மார்கள் கதறிச் சாட்சி சொன்னபோது, கேட்க வந்த வெள்ளையர் மிகச் சிலரே.