'மெதுவாப் பேசு'ன்னு சொல்லிட்டா ஆச்சா?

தெக்கத்திக்காரன் பேச்சு வேகம் என்று சென்னைக்காரர்கள் சொல்வது பழைய கதை. மாப்பிள்ளையூரணி பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றால் அது பொய்யில்லை என்று தெரிந்துவிடும். "ஏலேய் எங்கல போற, நில்லுல" என்பது ஒரே மூச்சில் வந்து விழும். உப்பளக் காற்றில் நாலு பாத்தி தள்ளி நிற்கும் ஆளுக்குக் கேட்க வேண்டும், வல்லத்து என்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும். சத்தமும் வேகமும் இங்கே குறை கிடையாது.

இதனாலேயே இந்தக் கரையில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. வேகம் வேறு, குழம்பிய பேச்சு வேறு.

எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான், பெயர் வேண்டாம். ஏன் லேட் என்று வாத்தியார் கேட்கிறார். "சார் அது வந்து பஸ்ஸு... இல்ல அண்ணன் வண்டில... தருவைகுளத்துல இருந்து... அதான் சார் டீசல்..." பாதி வார்த்தை முழுங்கியாச்சு, நாலு வாக்கியம் தொடங்கியாச்சு, ஒன்றும் முடியவில்லை. 'மாப்பிள்ளையூரணி' அவன் வாயில் 'மாப்ளூர்ணி' ஆகிறது. வகுப்பே சிரிக்கிறது, அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் விழுகிறது. கதை அத்துடன் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவனுக்கு அங்கேதான் ஆரம்பம்.

இதற்குப் பெயர் இருக்கிறது. கிளட்டரிங். தமிழில் திக்குவாய்க்குச் சொல் இருக்கிறது, கொன்னலுக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் 'உளறுவாயன்' என்ற வசவுதான் மிச்சம்! டெசோ வைஸ் என்ற மருத்துவர் 1964லேயே இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இது நாக்கின் கோளாறு மட்டுமல்ல, வாசிப்பு, எழுத்து, யோசனையை அடுக்கும் விதம் எல்லாவற்றையும் தொடும் மொழிச் சமநிலைப் பிரச்சினை என்பது அவர் கட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இதற்கு எஃப்98.6 என்று தனி எண் இருந்தது. திக்குவாய் எஃப்98.5, பக்கத்து வீடு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டிலோ 1987ல் இருந்தது, 1994 பதிப்பில் காணாமல் போனது. இதற்கென்று முதல் உலக மாநாடு நடந்ததே 2007ல்தான், பல்கேரியாவில். ஆக, ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, படித்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது ரொம்ப லேட்.

திக்குவாயும் இதுவும் ஒன்றல்ல. திக்குபவருக்குச் சொல்ல வேண்டிய சொல் நன்றாகத் தெரியும், வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். கிளட்டரிங் உள்ளவருக்குக் கதவு அடைப்பதில்லை. பத்து பேர் ஒரே வாசலில் முண்டியடித்து வெளியே வருகிறார்கள். திக்குபவருக்குத் தான் திக்குவது தெரியும். இவருக்கோ எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கும்வரை தன் பேச்சு புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. ஏடிஎச்டி, கற்றல் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் இது சேர்ந்து வருவதும் உண்டு. மூளை வேறு மாதிரி ஓடுகிறது, அவ்வளவுதான். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை.

கொடுமை எங்கே என்றால், உன்னிப்பாகக் கவனம் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு அவன் பேச்சு தெளிந்துவிடும். ரெக்கார்டரை முன்னால் வைத்தால், கலெக்டர் முன்னால் நிறுத்தினால், இரண்டு வாக்கியம் சுத்தமாக வரும். உடனே, "பாத்தியா, நல்லாத்தானே பேசுறான்! வேணும்னே பண்றான்" என்று தீர்ப்பு. ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்க முடிகிறவனைப் பார்த்து, அப்படியே திருச்செந்தூர் வரை நொண்டிக்கொண்டே போ என்று சொல்வீர்களா? 'மெதுவாப் பேசு' என்பது அந்த மாதிரி அறிவுரைதான். சொல்கிறவருக்கு ஒரு நொடி வேலை. கேட்கிறவன் ஒவ்வொரு அசையையும் கையில் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்த விஷயத்தைக் கோட்டைவிட வேண்டும்.

தமிழ் வேறு இவனுக்கு இரட்டைச் சோதனை வைக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். யார், எப்போது, நடந்ததா இல்லையா எல்லாம் அந்த வினையின் வாலில் ஒட்டியிருக்கும். 'வந்திருக்கான்', 'வந்திருப்பான்', 'வந்திருக்கமாட்டான்' மூன்றுக்கும் தலை ஒன்று, வால்தான் வேறு. இவன் முழுங்குவதோ வாலை! வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டால் வினையே வந்து சேராது. கேட்பவர் கையில் பெயர்ச்சொற்கள் மட்டும் குவிந்து கிடக்கும்.

இதற்கு ஊர் வைத்தியம் என்ன? குழந்தைக்கு நாக்கில் வசம்பு. வளர்ந்தவனுக்கு வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் கிழவனை நூறு தடவை சொல்லச் சொல்வது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் சொல்வன்மை அதிகாரம். கற்றதை விரித்துச் சொல்லத் தெரியாதவர் மணம் இல்லாத மலர்க்கொத்து என்கிறார் வள்ளுவர். குற்றமில்லாத சில சொல் சொல்லத் தெரியாதவர்தான் பல சொல் பேச ஆசைப்படுவார் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் அமைச்சருக்குச் சொன்னதை எட்டாம் வகுப்புப் பையன் தலையில் போடுகிறார்கள். சொல்வன்மை அமைச்சருக்கு வேண்டும்தான். உப்பு வாரும் குடும்பத்திலிருந்து பாலிடெக்னிக் போகிறவனுக்கு வெல்டிங் வந்தால் போதாதா?

மேடைப் பேச்சையே அறிவுக்கு அளவுகோலாக்கிய மாநிலம் இது. கோர்வையாகப் பேசினால் விஷயம் தெரிந்தவர், தடுமாறினால் மண்டையில் ஒன்றுமில்லை. காலேஜ் வைவாவிலிருந்து கேம்பஸ் குரூப் டிஸ்கஷன் வரை இதே கணக்கு. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்துக் குறுக்கே பாய்ந்து பேசுபவனைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவனைத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். நல்ல காமெடி :-)

சட்டம் என்ன சொல்கிறது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் அதற்குச் சொல்லும் உதாரணம் குரல்வளையை அகற்றியவர்கள், மூளைப் பாதிப்பால் மொழியை இழந்தவர்கள். ஏடிஎச்டி பட்டியலிலேயே இல்லை. இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் கோடு வேறு. கிளட்டரிங் உள்ளவன் மருத்துவர் குழு முன்னால் கவனமாக நாலு வார்த்தை பேசினால் சதவீதம் இறங்கிவிடும். வெளியே வந்து நண்பனிடம் பேசினால் ஏறிவிடும். இதை எந்தத் தராசில் நிறுப்பது?

கொஞ்சம் வெளிச்சமும் இருக்கிறது. பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி எம்பிபிஎஸ் இடம் மறுக்கப்பட்ட மகாராஷ்டிர மாணவர் ஓம்கார் கோண்ட் உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அந்தப் படிப்பை அவரால் படிக்க முடியுமா என்பதைத்தான் குழு பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு முன்பே 2021ல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது வரும் தசைப்பிடிப்பால் எழுத முடியாதவர் 40 சதவீதக் கோட்டைத் தொடாவிட்டாலும் தேர்வில் எழுத்தர் உதவி கேட்கலாம் என்று தீர்ப்பாகியிருந்தது. கை எழுத மறுத்தால் இன்னொரு கை தரலாம். அப்படியானால் வாய் ஒத்துழைக்காதவனுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் தந்தால் என்ன குடி முழுகிவிடும்?

"டாக்டர், பைலட் எல்லாம் தெளிவாப் பேச வேணாமா?" என்று கிளம்புவார்கள். வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டு அறை சொன்னதைப் பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருப்பது ஏன்? தெளிவாகப் பேசுகிறவர்கள் பேச்சும் தவறாகக் காதில் விழும் என்பதால்தான். திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் பொறுப்பு அங்கே கேட்பவருக்கும் இருக்கிறது. வகுப்பறையில் மட்டும் ஏன் முழுச் சுமையும் பேசுபவன் தலையில்?

பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தன் பேச்சைப் பதிவுசெய்து கேட்பது, மூச்சுக்கு இடம்விட்டு வாக்கியத்தைப் பிரிப்பது எல்லாம் நல்ல பயிற்சிகள்தான். மைசூரில் 1960களிலிருந்தே அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. ஆனால் பயிற்சி முடியும்வரை அவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? ஏலம் விடுபவர் எண்களைக் கொட்டும் வேகத்தில் வெளியூர்க்காரனுக்கு ஒரு எழுத்தும் புரியாது. வியாபாரிகளுக்கு ஒவ்வொரு ரூபாயும் காதில் விழும், ஏனென்றால் காசு அவர்களுடையது. இதே கடலில் முத்துக் குளித்த காலத்தில் (1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை) அடியில் இருந்தவர் பேசவே முடியாது. கயிற்றை ஒரு இழு இழுப்பார், மேலே இருப்பவர் தூக்குவார். கயிறு பிடிப்பது மச்சானாக இருக்க வேண்டும் என்று கரையில் சொல்வார்கள், அக்கா தங்கை தாலி அதில் இருக்கிறதல்லவா! இழுத்தது சரியான உச்சரிப்பில் இல்லை என்று எந்த மச்சானும் கயிற்றை விட்டதாகக் கதை கிடையாது.

அடுத்த முறை அந்த எக்ஸ்பிரஸ் எதிரில் வந்து கொட்டும்போது, "என்ன? என்ன?" என்று முகத்தைச் சுளிக்காமல், "டீசல் தீந்து வண்டி நின்னுட்டு, அதான் லேட்டு, அதானல?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாக இருந்தால் அவனே திருத்துவான். வைவாவில் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து ரெண்டு நிமிஷம் யோசிக்கவிட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் இடிந்து விழாது. அங்கே மார்க் போடுவது சர்க்யூட்டுக்கா, சத்தத்துக்கா என்று போடுகிறவர்கள் முதலில் சொல்லட்டும்.