பால் செம்பும் பச்சிளம் ஈரலும்



சென்ற மரித்தோர் நினைவு நாளன்று கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு சென்ற வேளையில், மூதாட்டியார் ஒருவர் நம்மைக் கைகாட்டி அழைத்தார். சிலுவைகூட இல்லாத இரண்டு சிறு மண்மேடுகள் அவர்முன் இருந்தன.

"ரெண்டும் என் பிள்ளைங்க சாமி. ஒண்ணு ஒன்றரை வயசுல போச்சு, இன்னொண்ணு ரெண்டு வயசுல. வயிறு உப்பி, ஈரல் கல்லாட்டம் ஆகி, மஞ்சள் பூத்துப் போச்சுங்க. குடும்பச் சாபம்னு மாமியார் சொன்னாங்க. நான் என்ன பாவம் பண்ணினேனோ!"

1970களில் நிகழ்ந்த மரணங்கள் அவை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவர் சுமந்து வருகிறார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதே கேள்வியைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனும் காரணமல்லன், அவனைப் பெற்றவர்களும் காரணமல்லர் என்பதே அவர்கள் பெற்ற விடை. அதை அம்மூதாட்டியாருக்கு எடுத்துச் சொன்னோம். ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. ஆகவே, நம் பங்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவரை அணுகி விவரம் கேட்டோம். அவர் விளக்கியவற்றை வாசகர்களும் அறிவது நலம்.

நமது உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. குடலில் செரித்த உணவின் சாரத்தை ஏந்தி வரும் இரத்தம் முதலில் ஈரலுக்கே செல்கிறது. ஆதலால், உணவோடு சேர்ந்து வரும் நஞ்சையும் முதலில் எதிர்கொள்வது அதுவே. நுண்ணோக்கியில் பார்த்தால், தேன்கூடு போன்ற அறுகோணச் சிற்றறைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். அவற்றுள் உயிரணுக்கள் வரிசைகளாக அமைந்திருக்க, பாத்திகளுக்கிடையே நீர் பாய்வது போல் இரத்தம் பாய்கிறது.

இந்த உறுப்புக்கு இறைவன் அரிய ஆற்றல் ஒன்றை அருளியுள்ளார். நலமான ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எஞ்சியது வளர்ந்து ஈடுசெய்துவிடும். ஆனால் நோயோ நஞ்சோ இடைவிடாது தாக்குமாயின், மடிந்த அணுக்களின் இடத்தில் தழும்பு நார்கள் படர்கின்றன. பாத்திகள் சிதைகின்றன, வாய்க்கால்கள் அடைபடுகின்றன. நார்களுக்கிடையே சிக்கிய பகுதிகள் முடிச்சுகளாகத் திரள, மென்மையான ஈரல் கரடுமுரடாக இறுகிவிடுகிறது. இந்நிலைக்கு 1819-இல் 'சிரோசிஸ்' என்று பெயரிட்டவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக் ஆவார். மது, ஹெப்படைட்டிஸ் 'பி', 'சி' கிருமிகள், ஈரலில் மிகுதியாகச் சேரும் கொழுப்பு ஆகிய பல வழிகள் இந்த ஒரே முடிவில் கொண்டுபோய் விடுகின்றன.

பால் மணம் மாறாத குழந்தைக்கு இந்நோய் எவ்வாறு வந்தது? நம் நாட்டில் ஆறு மாதம் முதல் நான்கைந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் கொன்ற இதற்கு 'இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ்' என்றே உலக மருத்துவ நூல்கள் பெயரிட்டுள்ளன. வயிறு பருக்கும், சிடுசிடுப்பு மிகும், ஈரலின் விளிம்பு கையால் தொட்டுணருமளவு கூர்மையாக இறுகும். பின்னர் மஞ்சள் காமாலையும் நீர்க்கோவையும் தோன்றும். அதற்குப்பின் பிழைத்தவர் மிகச் சிலரே. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகள் மாண்டதும் உண்டு. சாபம் என்ற பேச்சு எழுந்ததில் வியப்பென்ன?

இறந்த குழந்தைகளின் ஈரலை ஆராய்ந்தபோது அணுக்கள் உப்பியிருந்தன. தனித்தனி அணுக்களைச் சுற்றியும் நார்கள் படர்ந்திருந்தன. தாமிரம் இயல்பைவிடப் பன்மடங்கு தேங்கியிருந்தது. புனே நகரில் டாக்டர் ஷீலா பாவே, டாக்டர் ஆனந்த் பண்டிட் ஆகியோரும், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் டானரும் 1980களில் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். நோயுற்ற குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள் அல்லது மாதங்களிலேயே பசும்பாலோ எருமைப் பாலோ புகட்டப்பட்டிருந்தது. அப்பால் பித்தளை அல்லது தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது. பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாலிலுள்ள புரதம் அதன் தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. மிகுதியான தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் பச்சிளம் ஈரலுக்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை.

அத்தகைய பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. பிறவியிலேயே அமைந்த ஏதோ ஒரு பலவீனமும் சேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இதே சோகம் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டிலும் நிகழ்ந்துள்ளது. அங்கே 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இவ்வகை நோயால் மடிந்ததாகப் பதிவாகியுள்ளது. ஈயம் பூசாத தாமிரப் பாத்திரத்தில் பால் காய்ச்சும் வழக்கம் அங்கு ஒழிந்தது, நோயும் மறைந்தது. நம் நாட்டிலும் எவர்சில்வர் பாத்திரம் அடுக்களைக்கு வந்த பின்னர் இந்நோய் அரிதாகிவிட்டது. காமாலை தோன்றுமுன் கண்டறியப்பட்ட குழந்தைகளுள் பலர் பெனிசிலமின் என்ற மருந்தால் பிழைத்தனர். சிலரது ஈரலின் அமைப்பே ஏறக்குறைய இயல்புநிலைக்குத் திரும்பியது.

இத்தனையும் கேட்டறிந்தபின் நம் மனம் குழம்பியது. ஆண்டுகள் பல கடந்துவிட்டபடியால், அந்த இரு குழந்தைகளுக்கும் வந்தது இந்நோய்தான் என அறுதியிட்டுரைக்க இயலாது. அறிகுறிகளோ பொருந்தின. சாபம் இல்லை என்று சொல்லப்போனால், "அப்படியானால் என் கையாலேயே கொடுத்தேனா?" என்று அத்தாய் கேட்கமாட்டாரா? காரணத்தைக் கூறாமல் ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணியே அவர் இல்லத்திற்குச் சென்றோம்.

உள்ளே நுழைந்ததும் நம் கண்ணில் பட்டது, அடுப்பின்மேல் இருந்த பித்தளைச் செம்பு. அதில் பால் காய்ந்துகொண்டிருந்தது. எட்டு மாதக் கொள்ளுப்பேரனுக்காம்! "பாட்டி சீராகக் கொண்டு வந்த செம்பு, ஃபாதர். பழைய பாத்திரம்தான் உடம்புக்கு நல்லதென்று சொல்கிறார்கள். பரணிலிருந்து இறக்கினேன்" என்றார் பேத்தி. உள்ளே ஈயம் பூசிய சுவடே இல்லை.

இனி மௌனம் காப்பது பாவம் என உணர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நாம் அஞ்சிய அதே கேள்வியைக் கேட்டார். "அம்மா, நீங்கள் கொடுத்தது பால். அதில் இருந்தது இன்னதென்று அன்று மருத்துவருக்கே தெரியாது" என்றோம். அவர் எழுந்து சென்று அடுப்பை அணைத்தார். செம்பிலிருந்த பாலைத் தொட்டியில் கொட்டினார். "அப்ப சாபம் இல்லைங்களா, சாமி?" என்றார். "இல்லை அம்மா" என்றோம். அப்போதுதான் அவர் அழுதார்.

அன்பர்களே, பாரம்பரியம் என்ற பெயரில் பித்தளையும் தாமிரமும் மீண்டும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. முன்னோர் பித்தளையைப் புழங்கினார்கள். ஈயம் பூசுகிறவர் துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருவில் வந்தபோது அதை அவரிடம் கொடுக்கவும் செய்தார்கள். நாமோ பாத்திரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். அதில் குழந்தையின் பாலைக் காய்ச்சவோ ஊற்றி வைக்கவோ வேண்டாம். புளிக்குழம்பு, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்கும் ஈயம் பூசாத பாத்திரம் ஆகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஹெப்படைட்டிஸ் 'பி' தடுப்பூசி போடச் செய்யுங்கள். மது அருந்தும் சகோதரர்களே, ஈரலில் கொழுப்பு மட்டும் படிந்துள்ள நிலையில் குடியை விட்டால் அது பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும். முற்றிய தழும்பு எளிதில் மறையாது. ஈரல் வலியெடுத்து எச்சரிக்கும் வரை காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது எச்சரிப்பதில்லை.

மேலும் ஒரு வேண்டுகோள். ஈரல் நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த முதிய தாய்மார் இன்றும் நம் பங்குகளில் இருக்கக்கூடும். அவர்கள் கேட்பதற்குக் கூசி வாளாவிருப்பார்கள். நீங்களே அவர்கள் அருகில் அமர்ந்து, அது சாபமன்று என்று சொல்லுங்கள்.