தோண்டாத கிணற்றுக்கு வால்வு விற்கிறார்கள்

அந்தமான் கடலில் எரிவாயு கிடைத்துவிட்டது, அது அடுத்த கயானா ஆகப்போகிறது, ஆகவே கடலடிக் கருவிகளின் சந்தை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும், அதைப் பிடிக்க கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாவது செக்டர் இப்போதே தயாராக வேண்டும் என்று எழுதுகிறார் ஒரு தொழில் ஆலோசகர். அவர் வரைந்த கோடு மேலேறுகிறது, மேலேறுகிறது, எங்கேயும் இறங்கவில்லை. இந்தத் தொழிலில் அப்படியொரு கோட்டை யாரும் பார்த்ததில்லை. இதைப் பொறுப்பற்ற எழுத்து என்றுதான் சொல்வேன். இப்படிப்பட்ட வரைபடங்களை நம்பி, இங்கே பொறியியல் முடித்த பிள்ளைகள் வீட்டில் கடன் வாங்கி ‘சப்சீ’ என்ற கடலடிப் பொறியியல் பயிற்சி வகுப்புகளில் சேருகிறார்கள்.

அந்தமானையே எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனம் ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் வாயுவைக் கண்டது உண்மை. கரையிலிருந்து 17 கிலோமீட்டர், கடலின் ஆழம் 295 மீட்டர். வாயுவின் அளவும் வணிகத் தகுதியும் இனிமேல்தான் சரிபார்க்கப்படும் என்று அமைச்சரின் அறிவிப்பே சொன்னது. கட்டுரையாளர் அந்த வரியை விழுங்கிவிட்டார். கயானாவில் 2015-ல் லிசா-1 கிணற்றில் கிடைத்தது எண்ணெய். மிதக்கும் கப்பலில் அதைச் சேமித்து டாங்கரில் ஏற்றி அனுப்பிவிடலாம். 2019 டிசம்பரிலேயே உற்பத்தி தொடங்கியது. வாயுவை அப்படி அனுப்ப முடியாது. குழாய் வேண்டும், அல்லது குளிரூட்டித் திரவமாக்கும் ஆலை வேண்டும். தீவுகளின் தேவை சிறியது. முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கொல்கத்தாவுக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். இந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியே கட்டுரையில் இல்லை. போதாததற்கு, 295 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் காலூன்றிய மேடையே கட்ட முடியும். மெக்சிகோ வளைகுடாவில் 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலும் கட்டியிருக்கிறார்கள். வால்வுகளை மேடை மேலேயே வைத்துவிட்டால் அவர் சொல்லும் கடலடிக் கருவிகளுக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது.

அந்தக் கருவி எப்படிப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கிணற்றின் வாயில் உட்காரும் வால்வுத் தொகுதிக்கு இந்தத் தொழிலில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். எடை பல பத்து டன். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் வேலை செய்ய முடியாது, மேலிருந்து இயக்கும் ஆர்.ஓ.வி. என்ற இயந்திரத்தின் கைதான் போய் வால்வைத் திருக வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தம், மின்சாரம், ரசாயனம் எல்லாம் அம்பிலிக்கல் என்ற ஒரே கேபிள் தொகுப்பு வழியாகக் கீழே போகின்றன. ஒவ்வொரு வயலின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பச் செய்யும் பொருள் இது. செய்வது உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். வாங்குவோர் இந்தியாவில் அதைவிடக் குறைவு. வாங்கும் நிறுவனத்தின் ஒரு வாரியக் கூட்டம் தள்ளிப்போனால் ஒரு வருடத்துச் சந்தையே காணாமல் போகும்.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையை அவர் ஒரே வரியில் ‘வெற்றிக் கதை’ என்று கடந்துவிடுகிறார். அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ரிலையன்ஸின் டி-6 வட்டாரத்தில் டி1, டி3 வயல்களுக்கு 2006-ல் ஒப்புதலான திட்டம் 880 கோடி டாலர். இலக்கு நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வாயு. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது, 2010-ல் 6 கோடியைத் தாண்டியது, அதோடு சரி. கிணறுகளில் நீரும் மணலும் ஏறின. கிணறு குறைவாகத் தோண்டியதே காரணம் என்றது அரசு. நிலவியல் சிக்கல் என்றது நிறுவனம். 2011-ல் 720 கோடி டாலர் கொடுத்துப் பங்கு வாங்கிய பிபி-யாலும் சரிவைத் தடுக்க முடியவில்லை. 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் மூடப்பட்டன. அடுத்து வந்த ஆர் கிளஸ்டரைப் பழைய மேடையோடும் குழாய்களோடும்தான் இணைத்தார்கள். புதிய வயல் என்றால் எல்லாமே புதிதாக வாங்குவார்கள் என்ற அவருடைய கணக்கு இங்கேயே உடைகிறது.

அதே படுகையில் ஓ.என்.ஜி.சி.யின் 98/2 வட்டாரம் இன்னும் தெளிவான சாட்சி. 2016-ல் முதலீட்டு ஒப்புதல், 2018-ல் கடலடிப் பணிகளுக்கு ஏறத்தாழ 170 கோடி டாலர் ஒப்பந்தம், முதல் எண்ணெய் 2024 ஜனவரியில். பெரிய ஆர்டர் ஒன்று வந்தது, பிறகு நீண்ட காத்திருப்பு. இதை ஆண்டுச் சராசரியாக்கினால் அழகான வளர்ச்சி விகிதம் கிடைக்கும், சம்பளம் கிடைக்காது. 2014-ல் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய்ப் பீப்பாயின் விலை 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனபோது உலகம் முழுக்க இதே துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகள் அவருடைய வரைபடத்தில் இல்லவே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சால்ட் லேக்கில் பொறியியல் வரைவு வேலை நடக்கலாம், நடக்கட்டும். குழாய் அழுத்தம், வெல்டிங், அரிமானம் படித்தவர் எந்தத் துறையிலும் பிழைத்துக்கொள்வார். இங்கிருந்து காரில் போகும் தூரத்தில், அசோக்நகரில், 2018-ல் தரையிலேயே எண்ணெய் கண்டார்கள். 2020 டிசம்பரில் விழா எடுத்தார்கள். பிறகு சுரங்கக் குத்தகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தரையில் கிடைத்ததற்கே இந்தக் கதி என்றால், கடலடியில் இன்னும் அளந்து பார்க்காத வாயுவுக்கு எப்படித் தேதி குறிக்கிறார்?

அடுத்த கட்டுரையில் அவர் சதவீதத்தை விட்டுவிட்டு, முதலீட்டு ஒப்புதல் கிடைத்த திட்டங்கள் எவை, ஒவ்வொன்றிலும் கிணறுகள் எத்தனை, அவற்றுக்கு வேண்டியதில் இந்தியாவில் செய்யப்போவது எவ்வளவு என்று எழுதட்டும். அதற்கு முன் அந்த வரைபடத்தை எந்தப் பயிற்சி வகுப்பின் விளம்பரத்திலும் போட அவர் அனுமதிக்கக் கூடாது.